புழுவுக்கு ஒரு சான்றிதழ்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் “ஐயோ, புழு!” என்று எழுந்தே விட்டார். எட்டிப் பார்த்தேன். சேமியா.

எனக்கு கஃபூர் பாய் ஞாபகம் வந்துவிட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். நான் சென்னையில் ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் இருந்தேன் — அதாவது, அடுத்தவர் வயிற்றுப் புழுவைப் பார்ப்பது. (பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா “சயின்ஸ்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.)

அப்பாவின் சிநேகிதர் கஃபூர் பாய்க்குக் கள்ளக்குறிச்சியில் பிரியாணிக் கடை. கல்வராயன் மலை ஆட்டைத் தவிர வேறு வாங்க மாட்டார். அங்கே சாப்பிட்டுப் போன கான்ட்ராக்டர் துரைசாமியின் ஆறு வயது மகள், வீட்டில் வாந்தியெடுத்தாள். கூடவே வந்தது... ஒரு சாண் நீள வெள்ளைப் புழு!

“இது பன்றிக் குடல் புழு” என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். அவ்வளவுதான். பாய் பன்றிக்கறி கலக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைக்கு ஷட்டர். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர்கூட நகர்ந்துகொண்டாராம்.

“இன்னா பண்றதுன்னே தெர்லம்மா” என்று போனில் அழுதார்.

இந்தப் புழு கறியிலிருந்து வராது. அழுக்கு மண்ணிலிருந்து, கழுவாத கையிலிருந்து வரும். சொன்னால் யார் கேட்டார்கள்?

டெஸ்ட் செய்து பார்க்க அந்தப் புழுவையே கொண்டுவரச் சொன்னேன். பாய் போய்க் கேட்டால் துரைசாமி பாதிதான் வெட்டிக் கொடுத்தார். மீதி ஆதாரமாம்! மறியலால் பஸ் இல்லை. பாய் சின்னசேலம் வரை நடந்து, ரயில் மாறி மாறி, ஸ்பிரிட் பாட்டிலில் அரைப் புழுவோடு லேபுக்கு வந்து சேர்ந்தார்.

மனிதக் குடல் புழுவும் பன்றிக் குடல் புழுவும் கண்ணுக்கு ஒன்றுதான். டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படித்தால்தான் அங்கங்கே வித்தியாசம் தெரியும். ஊரே சாதியைச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்திருக்க, நான் ஒரு புழுவின் சாதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்தது. மனிதப் புழு.

பாயுடன் துரைசாமி வீட்டுக்குப் போனேன்.

“மனுசப் புழுன்னா... இன்னாங்க அர்த்தம்?”

“மனுஷங்க வயித்துல வளர்றது. வீட்ல எல்லாரும் மாத்திரை போட்டுக்கணும்.”

“நானுமா?”

“நீங்களும்தான்.”

உள்ளே அவர் மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது. துரைசாமி முகம் செத்துவிட்டது. பாயை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபது நாள் அவமானத்துக்கு பாய் என்ன கேட்கப்போகிறாரோ என்று எனக்கே பதற்றம்.

“பன்னி இல்லன்னு மட்டும் ஊருக்குச் சொல்லிடுங்க, போதும்” என்றார் பாய். “மிச்சம் எதுக்கு? பாப்பா ஸ்கூலுக்குப் போவணும் இல்ல?”

மறுநாள் கடை வாசலில் நின்று துரைசாமியே கத்தினார்: “ரிப்போட்டு வந்துடுச்சி. பன்னி இல்ல!”

“அப்போ அது இன்னா புழு?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

துரைசாமி பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் அண்டாவைத் திறந்தார்.

“அத்த வுடு. நல்லி எலும்பு வேணுமா, வேணாமா?”