ஒல்லாந்துத் தில்லையரின் பாஷை

சரவணை ஓவசியரின் கடைசி மகன் தில்லைநாதரை லண்டன் சட்டனில் எல்லோரும் ‘ஒல்லாந்துத் தில்லையர்’ என்றே சொல்வார்கள். லண்டனுக்கு வருமுன் ரொட்டர்டாமில் ஒரு பெரிய சமையலறையில் பதினான்கு வருடம் சட்டி கழுவி, அப்படியே ஒல்லாந்து பாஷையையும் கரைத்துக் குடித்தவராம். கூடக் கழுவியவர்கள் அத்தனை பேரும் கரீபியன் கடலில் ஒல்லாந்தர் ஆண்ட குராசோத் தீவுக்காரர். அவர்கள் பேசியதைத்தான் ஒல்லாந்து என்று நம்பினார். அரசாங்கக் கந்தோர்களில் வெள்ளைக்காரர் விளங்காமல் முழித்தபோது, பாவம், படிப்புக் குறைந்த சனம் என்று இரங்கினார்.

2007இல் மகள் கௌசியைப் பெண் பார்க்க ஒல்லாந்தின் டென்ஹாக்கிலிருந்து நிஷாந்தன் தாய் தகப்பனோடு வந்தான். தில்லையர் வாசலில் நின்று, “பொன் பினி!” என்று முழங்கி வரவேற்றார்.

நிஷாந்தன் சிரித்துவிட்டான். “மாமா, இது டச்சு இல்லை. பப்பியமெந்தோ. குராசோ ஆக்கள்ரை பாஷை.”

தன் பிள்ளைகளோடு இங்கிலீஷ் மட்டும் பேசும் மைத்துனர் மகேசருக்கு உடனே தமிழ்ப்பற்றுப் பொங்கியது. “அடிமையள் கலந்து கட்டின பாஷையோ, அத்தான்? நல்ல சம்பந்தத்தைக் குழப்பப் போறியள்!”

தில்லையரின் முகம் கறுத்தது. “குளிருக்கை போய் இறங்கேக்கை, சாப்பிட்டியோ எண்டு அந்தப் பாஷையிலைதான் கேட்டவங்கள். டச்சிலை ஒருத்தரும் கேக்கேல்லை. நீரும் தமிழிலை ஒரு கடிதம் போடேல்லை.”

குராசோப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்த நிஷாந்தன் அதே பாஷையில் பதில் சொன்னான். மாமனும் மருமகனும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். கௌசி தமிழில் ஓம் என்றாள். சம்பந்தம் முற்றாகிவிட்டது. எங்கே சிரிப்பதென்று தெரியாத மகேசர் எல்லா இடத்திலும் சிரித்துவைத்தார்.