என் தம்பி தியாகராஜாவின் நரை

தியாகராஜா இறந்த செய்தி மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு வந்தது. அவன் மகன் வாசுதான் தொலைபேசியில் பேசினான். “அப்பா போயிட்டாரு, பெரியப்பா” என்றான்.

தீவிலுள்ள டத்தோ கிராமாட்டிலிருந்து கடற்பாலம் தாண்டி மருத்துவமனைக்குப் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. தாதி நோர்மா படிவத்தை எடுத்து, என் முகத்தையும் தலையையும் பார்த்துவிட்டு, “இறந்தவருக்குத் தம்பியா?” என்று மலாய் மொழியில் கேட்டார். எனக்கு அறுபத்து மூன்று வயது. தியாகு என்னைவிட மூன்று வயது இளையவன். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

முப்பத்தோராம் நாள் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு அவன் வாழ்க்கையை எழுதித் தரும்படி வாசு கேட்டிருக்கிறான். எனக்குச் சுருக்கென்றதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் தியாகுவின் வாழ்க்கையில் ஒரு பகுதி விடுபட்டுப்போகும்.

எங்கள் அப்பா விநாசித்தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே கிளார்க்காக வந்தவர். நான் ஆசிரியர் கல்லூரியில் படித்து அறிவியல் ஆசிரியரானேன். தியாகு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றான். இருபத்திரண்டு வயதில் அவனுடைய காதோரம் வெளுக்கத் தொடங்கியது. முப்பத்தைந்துக்குள் முழுத் தலையும் பஞ்சாகிவிட்டது. என் தலையோ இன்றுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நரைத்திருக்கிறது.

முதலில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. 1971இல் அப்பா இறந்தபோது அந்தப் பெருமை போயிற்று. வெளியூரிலிருந்து வந்த ஐயர் கொள்ளிக்குடத்தைத் தியாகுவின் தோளில் வைக்கப் போனார். அவன் பதறி விலகி, “ஐயா, மூத்தவர் அவரு” என்று என்னைக் காட்டினான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது என் காதில் அந்தச் சிரிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அதுதான். முடிவெட்டும் சுப்பையா எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தால், “பெரியவர் மொத உக்காரட்டும். தம்பி, நீங்க கொஞ்சம் பேப்பர் பாருங்க” என்பார். கோயில் கூட்டத்தில் முன் நாற்காலி அவனுக்கு. செபராங் ஜெயாவுக்கு அவன் குடிபோனதும், புக்கிட் தெங்கா தொழிற்சாலைகளில் வேலை செய்த பிள்ளைகள் விண்ணப்பம் எழுத அவனைத் தேடி வந்தார்கள். அவனைவிட நான் நன்றாக எழுதுவேன். என்னிடம் யாரும் வரவில்லை.

அவனுடைய புதுமனைப் புகுவிழாவில் அத்தை வள்ளிநாயகி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “பாவம், ரெண்டு தங்கச்சிகளையும் கரையேத்தின பொறுப்பு. அதான் பிள்ளைக்குத் தலை வெளுத்துப் போச்சு.”

பள்ளி முடிந்து, பதினோரு வருடம் மாலை வகுப்பு எடுத்து அந்தத் தங்கைகளின் கல்யாணத்துக்கு உழைத்தவன் நான். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு மயிரின் வேரிலும் நிறம் தரும் நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றன, அவை ஓய்ந்தபின் அந்த வேரிலிருந்து வளரும் முடி நிறமில்லாமல் வருகிறது, எந்த வயதில் ஓயும் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்று விளக்கினேன். எங்கள் தாய்மாமனுக்கு முப்பதுக்கு முன்பே முழு நரை. அப்பா கறுத்த தலையோடு போனார். தியாகுவுக்கு மாமனின் தலை வாய்த்தது, எனக்கு அப்பாவினுடையது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளிடையே இது சாதாரணம் என்றேன்.

“ஆனந்தராஜா, இங்க பாடம் நடத்தாதே லா” என்றார் அத்தை. “கவலைப்படுறவனுக்கு நரைக்கும். நீ கவலைப்படலை. நல்லதுதானே?”

எல்லாரும் சிரித்தார்கள். தியாகு மட்டும், “அண்ணன் சொல்றதுதான் சரி, அத்தை. எனக்கு என்ன கவலை, எல்லாம் அண்ணன் பாத்துக்கிட்டாரு” என்றான். அதையும் அவனுடைய பெருந்தன்மைக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

1988இல் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஈப்போவிலிருந்து வந்திருந்த சம்பந்தி தாம்பூலத் தட்டை எடுத்து, “குடும்பத்துக்குப் பெரியவர் கையில கொடுக்கணும்” என்று நேராகத் தியாகுவிடம் நீட்டினார். பெண்ணைப் பெற்றவன் நான் பக்கத்திலேயே நின்றேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் வீட்டுக்குப் போனேன்.

“தலைக்கு மை அடிச்சுக்கயேன்” என்றேன்.

“இனிமேலா? ஆபீஸ்ல சிரிப்பாங்க அண்ணே.”

“ஒரு நாளைக்குத்தானே.”

“நான் அடிச்சுக்கணும்னு இருக்கா உனக்கு?”

நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

“சரி, வாங்கிட்டு வா” என்றான்.

நானே வாங்கிக் கொடுத்தேன். முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து வேண்டாமென்று விடுவானோ என்று தோன்றியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் முகம் வீங்கி, கண்கள் திறக்கவில்லை. நெற்றியில் நீர் கசிந்தது. மருத்துவர் ஊசி போட்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னார். மண்டபத்தில் மூத்தவனாக நான் தனியே நின்றேன். சம்பந்தி வந்து, “பெரியவர் வரலையா?” என்று கேட்டார்.

தியாகுவின் மனைவி கனகேஸ்வரி என்னை முந்திக்கொண்டாள். “ஏன் கேக்குறீங்க? மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கணும்னு ஐயாவுக்கு ஆசை. தானா மையை வாங்கிப் பூசிக்கிட்டு, இப்ப மூஞ்சி பூசணிக்காயா படுத்திருக்காரு.”

அவன் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து உறவில் அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். ஆறு வருடம் அந்தக் கிண்டலைக் கேட்டுக்கொண்டு, ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்காமல், “ஆமா, ஆசை யாரை விட்டது?” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பொறுமையைக் கண்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அவனை அப்படி அழைத்தவர்கள் எல்லாரும் இந்த மலரைப் படிப்பீர்கள். ஆசை அவனுடையது அல்ல. மையை வாங்கியவன் நான்.

என் மகளின் கல்யாண ஆல்பத்தில் அவன் ஒரு படத்திலும் இல்லை. அதனால் மலரில் போட, 1976இல் ஸ்டூடியோவில் எடுத்த படத்தை வாசு கொடுத்துவிட்டுப் போனான். அம்மா நாற்காலியில் இருக்க, இருபுறமும் நாங்கள் நிற்கிறோம். “பேரோட மூத்தவர், இளையவர்னும் போட்டுடுங்க, பெரியப்பா. பாக்குறவங்களுக்குத் தெரியாது” என்றான்.

படத்துக்குக் கீழே போட ஒரு தாளில் ‘இடமிருந்து வலம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பெயர்களையும், யார் மூத்தவர் என்பதையும் இன்னும் எழுதவில்லை.