கபடிக் கோப்பைக்கு நெய்த சால்வை

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு அந்தப் பட்டுச் சால்வை கையில் பட, காஞ்சிபுரத்துக் கபடி மைதானம் ஈரச் சுண்ணாம்புக் கோடும் சோடா பாட்டில் சத்தமுமாக எழுந்து வந்தது. வருஷாவருஷம் நடக்கும் கல்லூரிக் கோப்பையில் ஜெயிக்கிற கேப்டனுக்குப் போர்த்தும் சால்வை அப்பா நெய்வது; ஜரிகையில் பெயர் போட நாள் பிடிக்கும் என்பதால், ஆட்டம் தொடங்கும் முன்பே எங்கள் ஊர்க் கல்லூரியின் பெயரைத் துணிந்து நெய்துவிடுவார். தொடர்ந்து மூன்று வருஷம் ஃபைனலில் தோற்றோம். ஜெயித்த வெளியூர்க்காரர்களுக்கு அவசரமாகப் பெயரில்லாத சால்வை ஒன்று போனது, எங்களுடையது பெட்டிக்குள் போனது.

நான்காம் வருஷம் ஒரே பாயிண்டில் ஜெயித்தோம். அப்பா நான்கு சால்வைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எங்கள் கேப்டனுக்குப் போர்த்தினார். வேர்த்துக் கொட்டியும் அவன் ஒன்றைக்கூடக் கழற்றாமல், சாமி புறப்பாடு மாதிரி ராஜவீதி முழுக்கச் சுற்றி வந்தான்.

மறுவருஷம் மைதானத்தில் கட்டடம் எழும்ப, கோப்பையே நின்றுபோனது. அதற்குள் தறியில் ஐந்தாவது சால்வை, இப்போது என் கையில் இருப்பது, முடிந்திருந்தது.

"இது வீணாப் பூடுச்சேப்பா," என்றேன்.

"என்னா வீணு? போன வருஷத்துக்கப்புறம் நம்மள எவன்மா ஜெயிச்சிக்கிறான்?" என்றார் அப்பா.