புகை பிடிக்காதவன் கார்

வாடகைக்குக் கார் விடுகிற தொழிலுக்குக் கண்கூட இரண்டாம்பட்சம், மூக்குதான் முக்கியம். மொபைல் ஆப்பில் காரைப் போட்டுவிட்டு, அது திரும்பி வந்ததும் சீட்டில் முகத்தைப் புதைத்து முகர்ந்துகொண்டிருக்கும் என் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து தினமும் காலை ரயிலில் பெங்களூரு போய் வருகிறவன். வாரம் முழுக்க வீட்டு வாசலில் சும்மா நிற்கிற காரை நாலு பேர் ஓட்டட்டுமே என்று ஆப்பில் போட்டேன். 'காருக்குள் புகை பிடிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்குக் காரணம் கொள்கை அல்ல, என் மனைவி செல்வி. நான் சிகரெட்டை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. கார் அவள் பெயரில் இருக்கிறது. "இன்னொரு வாட்டி ஒங்க மேல அந்த நாத்தம் வரட்டும், காரை வித்துட்டுதான் மறுவேலை" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்வாள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரைக் கழுவித் துடைக்காவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. எவனோ ஊதிவிட்டுப் போன சீட்டில் நான் உட்கார்ந்தால், மாட்டிக்கொள்வது என் சட்டை.

உடம்பு மட்டும் உள்ளே

முதல் கெஸ்ட், அதாவது காரை வாடகைக்கு எடுத்தவர், ஒரு குடும்பஸ்தர். மனைவியோடு பேத்தமங்களா ஏரிக்குப் போய் வந்தார். திரும்பி வந்தபோது டேஷ்போர்டில் சாம்பல். அந்த அம்மா பின் சீட்டில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். "கார்ல புடிக்கவே இல்ல சார். கை வெளிய, வாய் வெளிய, பொக வெளிய. ஒடம்பு மட்டுந்தான் உள்ள இருந்துச்சு" என்றார் மனிதர்.

தலையை வெளியே நீட்டிக்கொண்டு வண்டியை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பெருமையாக மனைவியைக் காட்டிச் சொன்னார்: "இவ இன்னாத்துக்கு கீறா? நேரா போ, நேரா போன்னு சொல்லிகினே வந்தா சார்."

பக்திமான்கள்

அடுத்து இரண்டு கல்லூரிப் பையன்கள். கதவைத் திறந்ததும் கோயிலுக்குள் நுழைந்தது போல இருந்தது. ஏசி வருகிற நாலு துளைகளிலும் ஊதுவத்தி சொருகியிருந்தது. "பூஜை பண்ணோம் அங்கிள்" என்றான் ஒருவன். எனக்குக்கூட ஒரு கணம் மனசு இளகிவிட்டது.

பிறகு கதவுப் பையிலிருந்து ஒரு சிகரெட் துண்டை எடுத்து, இது எந்தச் சாமிக்கு என்று கேட்டேன். பெரியவன் முந்திக்கொண்டு சொன்னான்: "அகர்பத்தி பத்த வைக்க நெருப்பு வேணுமே அங்கிள், அதுக்குத்தான் அது."

மாமாவின் டூட்டி

அன்று சாயங்காலம் செல்வி என் சட்டையை முகர்ந்துவிட்டு உள்ளே போய்க் கார் ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்தாள். எங்களோடு இருக்கும் மாமனார், "இனிமே கார் சாவி எங்கிட்ட இருக்கட்டும் மாப்ள" என்றார். அவர் ஒரு காலத்தில் நந்திதுர்க் மைன்ஸில் காவலாளி. ஷிப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிப்டில், மேலே வருகிற ஆட்கள் தங்கம் எதையாவது ஒளித்து எடுத்து வருகிறார்களா என்று தலைமுடி வரை தடவிப் பார்த்தவர்.

மறுநாள் ஒரு சாப்ட்வேர் பையன் காரைத் திருப்பித் தர வந்தான். மாமா அவனைச் சுவரோரம் நிறுத்தி, "கைய தூக்கு. ஆ காட்டு. நாக்க மடி" என்றார். இதுவும் ஆப்பின் வெரிபிகேஷன் என்று நினைத்து அவனும் நாக்கை மடித்துக் காட்டினான். பாக்கெட்டில் காலி சிகரெட் பெட்டி இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு, சோதனை போகும்போதல்லவா செய்ய வேண்டும் என்றேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "கீழ போறவன்கிட்ட இன்னா மாப்ள இருக்கும்? மேல வர்றவன்தான் எடுத்துகினு வருவான்."

டிபன் டப்பா

அவர் மனசை மாற்றுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் போகிறவர்களையும் சோதித்தார். பிடுங்கிய சிகரெட்டுகளைப் பெயர் எழுதி ஒரு டிபன் டப்பாவில் போட்டு, திரும்பி வந்ததும் எண்ணிக் கொடுத்தார். வேலை நடந்தது. ஆபீஸ் போகிற ஒரு பெண் தானாகவே பெட்டியை எடுத்து நீட்டினாள், ஆனால் முணுமுணுக்காமல் இல்லை: "பிளைட்லகூட லைட்டர் மட்டும்தான் புடுங்குவாங்க அங்கிள்."

நல்ல கார், நல்ல தாத்தா

இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் வாரம் ஆப்பில் ஒரு கெஸ்ட் எழுதினார்: "நல்ல கார். நல்ல தாத்தா. ஏறும்போதே பீடி நாற்றம்."

செல்வி அதைப் படித்தாள். என் சட்டையை முகர்ந்தாள். "சிகரெட்ல இருந்து பீடிக்கு எறங்கிட்டீங்களா?" என்றாள். நான் அவள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யப் போனேன், அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். மூன்று வருஷமாக ஒரு இழுப்புகூட இழுக்காத எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிறு காலை கார் வாங்க ஆள் வருவதாகவும் சொன்னாள்.

ஞாயிறு விடிந்ததும் கடைசியாக ஒருமுறை கழுவலாம் என்று வாளியோடு போனேன். கார் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே ஒரே மூட்டம். பின் சீட்டில் காலை நீட்டி மாமா பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சளிக்காக டாக்டர் பீடியைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குள் பிடித்தால் மகள் மோப்பம் பிடித்துவிடுவாள். "காரை வித்துடப் போறா மாமா! பழி என் மேல!" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "கோச்சிக்காதீங்க மாப்ள. செக் பண்றவன யாரும் செக் பண்ண மாட்டாங்க. அந்த வேலைல இருந்த ஒரே சொகம் அதான்" என்றார்.

என் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கார் வாங்க வந்தவர் கேட்டருகே நின்றார். செல்வி முன்னால் வந்து, கார் கதவைத் திறந்து, அப்பாவை இறக்கிச் சுவரோரம் நிறுத்தினாள். வந்தவரிடம், "கார் விக்கிறதில்ல, போங்கண்ணா" என்றாள். பிறகு திரும்பிச் சொன்னாள்: "கைய தூக்கு நைனா. ஆ காட்டு." என்னையும் பார்த்தாள்: "நீங்களும் பக்கத்துல நில்லுங்க."

இப்போது எங்கள் காரில் துளியும் புகை வாசனை கிடையாது, ஏனென்றால் தினமும் சாயங்காலம் சுவரோரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு பேரில் ஒருவர்கூட கெஸ்ட் இல்லை.