சாந்தி வீட்டு மிளகாய்ப்பொடி

இன்று பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்த நெடியில், இப்போது இல்லாத எங்கள் பொடிக்கடை நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியில் அம்மா கரிசக்காட்டு வத்தலைக் காயவைத்து, காம்பு கிள்ளி, அரைத்து விற்ற பொடி மங்கலாகத்தான் இருக்கும். எதிர்க்கடையில் என் வகுப்புச் சாந்தி வீட்டுப் பொடியோ குங்குமமாய்ச் சிவந்திருக்கும். கூட்டமெல்லாம் அங்கே போக, சாந்தியின் புதுப் பாவாடைகளைப் பார்த்து எனக்கு வயிறெரியும்.

ஒருநாள் உணவு ஆய்வாளர் அங்கே சாம்பிள் எடுத்துப் போனார். பொடியில் சாயம் கலந்திருப்பது சோதனையில் தெரிந்து, கடைக்குச் சீல் வைத்தார்கள். இனி நாங்கள்தான் என்று குதித்தேன்.

மறுநாள் அவர்கள் வாடிக்கைக்காரி ஒருத்தி எங்கள் பொடியைக் கிள்ளிப் பார்த்தாள்.

“என்ன மதினி, அவிய பொடி மாதிரி செக்கச்செவேல்னு இல்லியே?”

அம்மா பொட்டலம் கட்டினாள். பூட்டிக் கிடந்த அந்தக் கடையைப் பார்த்து எனக்கு முன்னைவிட அதிகமாய் வயிறெரிந்தது.