ஒரு 'ங்க' செய்த வேலை

வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அவளுக்கு எனக்கு அடுத்த அறை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவனோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். கம்பெனியிலும் ஒரே செக்கிங் டேபிள்தான். எதற்கெடுத்தாலும் நாங்கள் 'ங்க' போடுவதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். "உங்கூர்ல நாயக்கூட மரியாதையாத்தான் வெரட்டுவியளோ?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவள் அறையில் நாலைந்து பேர் கூடி ஜெபம் செய்வார்கள். முன்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவர். ஆனாலும் பாட்டு நன்றாக இருக்கிறது என்று வாசலில் நின்று கேட்டதுண்டு.

அந்தச் சமயத்தில்தான் ஒருவன் முச்சந்தியில் மைக் கட்டிப் பேச ஆரம்பித்தான். "ஜெபம் பண்றவனுக்கெல்லாம் எவன்டா ஊடு குடுத்தது? தொரத்துங்கடா" என்று நரம்பு புடைக்கக் கத்தினான். வீட்டுக்கார அம்மா கதவைச் சாத்திவிட்டு, "வாயா அது, கருமம்" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது. எங்கள் தெருவில் இவன் பருப்பு வேகாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு லோக்கல் கேபிள் சேனலில் அவனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மாவின் ஹாலில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முன்னால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். கேள்வி கேட்டவர் அவனை 'ஐயா' என்றார். ஐயாவும் மெல்லச் சிரித்தார்.

"நாம யாரையும் தப்பாப் பேசலீங்க. அவங்களுக்கு ஊடு குடுக்காம இருந்தாப் போதுமுங்க. அவங்களே கெளம்பிப் போயிருவாங்க."

"இதுவும் ஒரு கருத்துதானுங்க" என்று சொல்லி, கேட்டவர் விளம்பரத்துக்குப் போனார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி ஓடியது.

நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அச்சு அசல் அதே பேச்சு. 'டா' இருந்த இடத்தில் 'ங்க' வந்திருந்தது, அவ்வளவுதான். தெருவில் கிடந்த ஒன்றைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஹாலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். இப்படியொரு வித்தையை நான் அதுவரை கண்டதில்லை. பயத்தைவிட பிரமிப்புதான் அதிகமாக இருந்தது. "எத்தன தன்மையாப் பேசறாரு, பாரு கண்ணு" என்றார் வீட்டுக்கார அம்மா. அன்றைக்குக் கதவைச் சாத்தியது அந்த 'டா'வுக்காக மட்டும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சில வாரம் கழித்து வீட்டுக்கார அம்மா பக்கத்து அறைக்கு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. வேற ஊடு பாத்துக்குங்க."

"நாங்க என்ன தப்பு பண்ணுனோம்?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு தப்பும் இல்லீங்க. ஊருக்குள்ள ஒரு கருத்துன்னு இருக்குதில்லீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முச்சந்தியில் கத்தினானே, அதே ஆள்தானே என்று கேட்டேன்.

"அவரு இப்பெல்லாம் அப்படிப் பேசறதில்ல கண்ணு" என்றார்.

சோமனூரில் அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று வீட்டுக்கார அம்மாவே குடத்தை ஆட்டோவில் தூக்கி வைத்தார், மதியத்துக்கு எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொடுத்தார். அதில் நடிப்பு துளியும் இல்லை. "போயிட்டு வாங்க கண்ணு" என்றார். எங்கள் பக்கம் யார் கிளம்பினாலும் சொல்வதுதான்.

ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"எங்கீங்க வரட்டும்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கார அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "பாத்துப் போங்க" என்றார்.