எட்மண்டனில் ஓர் அமெரிக்க நாவலாசிரியர்

என் கணவர் பெனடிக்ற் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டார். மன்னாரில் பிறந்து, ஜேர்மனியில் கோப்பை கழுவி, பாரிஸில் பெட்டி சுமந்து, கடைசியில் லண்டன் எட்மண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்துக் கவுண்டருக்குள் வந்து நின்றவர். பகல் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மனிதரைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஒரு வசனம் வந்துவிடும்.

"மன்னிப்புக் கேக்க வாறவன் முதல்லை பாக்கிறது, பக்கத்திலை வேறை ஆரும் நிக்கினமோ எண்டுதான், இம்மாகுலேற்."

நான் கறியைத் துழாவிக்கொண்டே சிரிப்பேன்.

அதையே ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தில், தேவாலய மண்டபத்தில் எழும்பிச் சொன்னார். ஒரு சனமும் சிரிக்கவில்லை. பெற்றோல் ஸ்ரேசனில் நிற்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த விருந்தில் இவர், "அமெரிக்காவிலை ஒரு பெரிய நாவலாசிரியர் சொன்னவர்" என்று தொடங்கினார். "விருந்துக்குக் கூப்பிடாத ஆக்களைப் பற்றித்தான் விருந்து முழுக்கக் கதைப்பினமாம்."

மண்டபமே அதிர்ந்தது! எங்கள் தேவாலயத்து றோஸ்மலர் அக்கா கைதட்டிவிட்டு, "அந்தப் புத்தகம் நானும் வாசிச்சனான். இங்கிலீசிலை இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். அட கடவுளே! இவர் பணிவாகத் தலையாட்டினார்.

அப்படித் தொடங்கிய பொய் ஏழு வருடம் ஓடியது; இவருடைய பழைய வசனங்களும் அந்த அமெரிக்கரின் பேரிலேயே வந்தன. எங்கள் மகள் டிலக்சனாவும் அதை நம்பியே வளர்ந்தாள். 2005ஆம் ஆண்டு, ஆங்கில இலக்கியம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவள், மன்னிப்புக் கேட்கிறவன் வசனத்தை விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரியாகவே போட்டுவிட்டாள். அப்பா சொல்லித்தந்த இந்த அமெரிக்கரால்தான் தனக்கு இலக்கியத்தில் ஆசை வந்தது என்றும் எழுதி அனுப்பிவிட்டாள். நேர்முகத்துக்குக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

"அப்பா, அந்த ஆளின்ரை பேர் என்ன? கட்டாயம் கேப்பினம்."

"பாரிசிலை இருக்கேக்கை வாசிச்சது, பிள்ளை. பேர் மறந்துபோச்சு."

அவள் இரண்டு நூலகம் ஏறி இறங்கினாள். றோஸ்மலர் அக்காவிடமும் கேட்டாள். "ஓம், வீட்டிலைதான் கிடக்கு, தேடித் தாறன்" என்றார் அந்த மகராசி. பத்து நாளாகத் தேடினார்!

இவருக்கோ சோறு இறங்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றுவார், குடிக்கமாட்டார். மாடிப்படியில் ஏறுவார், எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் இறங்குவார்.

"சொல்லித் துலையுங்கோவன்!" என்றேன்.

"சொன்னா பிறகு என்னை மதிப்பாளோ?"

"மதிக்காட்டிப் போகட்டும். பிள்ளை அங்கை போய் முழுசப்போறாள்! இனியும் இழுத்தா நானே சொல்லுவன்."

நேர்முக நாளன்று மூவரும் ரயில் ஏறினோம். பாதி வழியில் இவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. எல்லாம் நான் சொன்னது. என்ரை எண்டு சொன்னா சனம் கேக்காது."

"எல்லாமோ?"

"ஓம்."

"அப்ப றோஸ்மலர் அன்ரி வாசிச்சது?"

என்னால் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவள் சிரிக்கவில்லை. இறங்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் உள்ளே போன நாற்பது நிமிடமும் இவர் வாசலில் அங்குமிங்கும் நடந்தார். காவலாளி இரண்டு தரம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிலக்சனா வெளியே வந்தாள்.

"கேட்டவையோ?" என்றார் இவர்.

"முதல் கேள்வியே அதுதான். அப்பிடி ஒரு எழுத்தாளரும் இல்லை, அது அப்பான்ரை வசனம் எண்டு சொன்னன். நல்லாச் சிரிச்சவை. இன்னும் இருக்கோ எண்டு கேட்டு, ரெண்டு சொல்ல வைச்சவை."

இவருடைய முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! கல்யாணத்தன்றுகூட அந்த மனுசன் அப்படிச் சிரித்ததில்லை.

"பிறகு?"

"அப்பா என்ன வேலை செய்யிறார் எண்டு கேட்டவை." அவள் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "எழுத்தாளர் எண்டு சொல்லிப்போட்டன்."

அவளைக் கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் ஒன்று போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் மெதுவாகக் கேட்டார்.

"பெற்றோல் ஸ்ரேசன் எண்டு முதலே சொல்லியிருந்தா, அந்த வசனத்துக்குச் சிரிச்சிருக்கமாட்டினமோ, பிள்ளை?"